அட்டையே போதும்

பார்துபிட்சே ஊரில் மிலாடா கையால் சாப்பிடாமல் வளர்ந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் அவள் கரண்டி பிடித்தபோது இளம்பெண். கரண்டியைக் கீழே வைத்தபோது தலை முழு வெள்ளை. அவள் வைக்கும் சதகுப்பைக் குழம்பைப் பிள்ளைகளுக்குக் கண்டாலே ஆகாது. அதற்காக ஒரு வாரமும் அவள் அதை வைக்காமல் விட்டதில்லை. "பிடிக்கலையா, பிடிக்கிற வரைக்கும் சாப்பிடு" என்பாள். வழுக்கை விழுந்த ஆண்பிள்ளைகள்கூட இன்றைக்கும் கடைத்தெருவில் அவளைப் பார்த்தால் தட்டில் மிச்சம் வைத்த பையனைப் போல முழிப்பார்கள்.

ஆனால் அவள் கரண்டி பிடிக்கப் படித்தவள் அல்ல. பூகோளம் படித்தவள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் பாடம் எடுத்தாள். ஆற்றையும் மலையையும் கரும்பலகையில் வரைந்து, உலகம் எவ்வளவு பெரிது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கோடையில்தான் அவளுடைய அக்கா அலேனா யுகோஸ்லாவியாவுக்குச் சுற்றுலா பஸ்ஸில் போனாள். பஸ் திரும்பி வந்தது. அலேனா திரும்பவில்லை. கடற்கரைக்குக் கொண்டுபோன துணிப்பையோடு ஆஸ்திரிய எல்லையைத் தாண்டி, கடைசியில் இங்கிலாந்தில் போய் நின்றாள். கூடப் பிறந்த தங்கையிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த மாதமே மிலாடாவைத் தலைமையாசிரியர் கூப்பிட்டு, பிள்ளைகள் முன்னால் நிற்க அவளுக்குத் தகுதி இல்லை என்றார். அவள் செய்த குற்றம் என்ன? ஓடிப்போனவளின் தங்கை. கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த அந்தக் காலத்தில் அது போதாதா? பாடம் எடுத்த பள்ளிக்கூடத்திலேயே, வகுப்பறையிலிருந்து சமையற்கட்டுக்கு இறக்கி விட்டார்கள்.

கடலைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. பல்கேரியாவுக்குப் போக பாஸ்போர்ட் கேட்டு மனுப் போட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆள் தலையை நிமிர்த்தாமலே தாளைத் திருப்பித் தள்ளினான். "நீங்க போறது நாட்டுக்கு நல்லதில்லை" என்றான். மறு வருஷமும் போட்டாள், அதற்கு அடுத்த வருஷமும் போட்டாள். ஒவ்வொரு தடவையும் "அக்கா கிட்ட இருந்து லெட்டர் வந்துச்சா, போன் வந்துச்சா, உங்க அக்கா இப்ப எங்க இருக்கா" என்று குடைவார்கள். கூனிக் குறுகி வீட்டுக்கு வருவாள்.

அந்த ஆட்சி கவிழ்ந்தது, எல்லைக் கம்பி வேலியை வெட்டிப் போட்டார்கள், பாஸ்போர்ட்டும் கிடைத்தது. பிறகு நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது அதுவும் வேண்டாம், சட்டைப்பையில் கிடக்கும் அடையாள அட்டையே போதும் என்றார்கள். அந்த அட்டையின் மேல் மிலாடாவுக்கு வந்த பிரியம் வேறு யாருக்கும் வந்திருக்காது. பாஸ்போர்ட் காலாவதியானபோது புதுப்பிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "இனிமே எந்தக் கண்ணாடி முன்னாலயும் போய் நின்னு 'என்னை விடுங்க'ன்னு கேக்க மாட்டேன்" என்றாள். சொன்னபடியே கேட்கவும் இல்லை. வியன்னா, வெனிஸ், டிரெஸ்டன் எல்லாம் அட்டையிலேயே போய் வந்தாள்.

இங்கிலாந்துக்கும் ஒரு தடவை அட்டையில்தான் போனாள். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், பஸ்ஸில். அலேனா தன் தோட்டத்தையும் ரோஜாச் செடிகளையும் சுற்றிக் காட்டினாள். மூன்று நாள் நன்றாகத்தான் போனது. நாலாம் நாள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, "நீயும் அப்பவே கிளம்பி வந்திருக்கலாம்டி. உனக்குச் சின்ன வயசிலேயே தைரியம் பத்தாது" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள் அலேனா. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். மிலாடா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னாள்: "உன்னாலதான் என் வாழ்க்கை அடுப்படியில வெந்துபோச்சு. நீ ஓடுன, தண்டத்தை நான் கட்டுனேன்."

அலேனாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. மறுநாள் காலையிலேயே மிலாடா பஸ் ஏறிவிட்டாள். அதன் பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், ஒன்று போகும். உள்ளே பெயரைத் தவிர ஒன்றும் இருக்காது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான், செப்டம்பர் மாதம் ஒரு நாள், பிளம்ஸ் பழத்தைக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்த மிலாடாவுக்கு அக்கா மகள் ஜோவனா போன் செய்தாள். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த பெண். தாய்மொழியைத் தடவித் தடவித்தான் பேசுவாள்.

"சித்தி, அம்மாவுக்கு ரொம்ப முடியல. கணையத்துல புத்துநோய். இனிமே மருந்து இல்லைன்னுட்டாங்க."

மிலாடா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அம்மாவுக்கு இங்கிலீஷ் மறந்துபோச்சு சித்தி. உங்க பாஷையில மட்டும்தான் பேசுறாங்க. நர்ஸுங்களுக்கு ஒண்ணும் புரியல. எனக்கே பாதிதான் புரியுது."

"என்ன பேசுறா?"

"மிலாடா வர்றாளான்னு கேக்குறாங்க. தெனமும் அதேதான்."

"வர்றேன்னு சொல்லு" என்றாள் மிலாடா.

வருகிறேன் என்று சொல்லியாயிற்று. ஆனால் எப்படிப் போவது? இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் அவளுக்கு வலது கண்ணில் அறுவை நடந்திருந்தது. விழித்திரை கிழிந்து, அதை ஒட்ட வைக்கக் கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை விட்டிருந்தார்கள். அது தானாகக் கரையும் வரை விமானத்தில் ஏறக் கூடாது, உயரே போனால் குமிழி உப்பிக் கண் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும் என்று வேறு.

"ரயில்ல போறேன்" என்று அறிவித்தாள்.

கேட்டுக்கொண்டிருந்தவள் வ்லாஸ்தா. சாப்பாட்டுக்கூடத்தில் கூட வேலை பார்த்தவள், இப்போது கீழ்வீட்டுக்காரி. வாய் ஓயாது, ஆனால் ஆபத்துக்கு ஓடி வருகிறவள் அவள் ஒருத்திதான்.

"ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டு லண்டன் வரைக்குமா? உனக்குக் கண்ணுல குமிழியா, மூளையிலயா? போன்லயே பேசுடி. இப்பதான் மூஞ்சி தெரியுற மாதிரி பேசலாமே."

"மூஞ்சிக்கு நேரா சொன்னதை மூஞ்சிக்கு நேராத்தான் திருப்பி வாங்கணும்" என்றாள் மிலாடா. "பதிமூணு வருஷமா அவ நெஞ்சுல அது கிடக்குது. அதோட அவளைப் போக விட்டா நான் மனுஷியே இல்ல."

வ்லாஸ்தா ஏப்ரனை அவிழ்த்துப் போட்டுவிட்டு, "சரி, வா. ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றாள்.

வெளிநாட்டு டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் வரிசை நீண்டு கிடந்தது. உள்ளே இருந்த பெண் பொறுமைசாலி. பிராக் போய் மாறி டிரெஸ்டன், அங்கே மாறி பிராங்க்பர்ட், அங்கிருந்து கொலோன், இரவு அங்கே தங்கல், மறுநாள் பிரஸ்ஸல்ஸ் என்று திரையைப் பார்த்து அடுக்கினாள். "டிரெஸ்டன்ல மாறுறதுக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கு, பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

"அந்தப் பக்கத்து ரயிலுங்க நேரத்துக்கு வருதாம்மா?" என்று இடையில் புகுந்தாள் வ்லாஸ்தா.

அந்தப் பெண் சிரித்தாள்.

"அப்ப ஒரு வண்டி விட்டு அடுத்த வண்டி போடு. இவ ஒத்தைக் கண்ணு. ஓட மாட்டா."

எல்லா இடத்திலும் ஒரு வண்டி விட்டு அடுத்த வண்டி போட்டார்கள். இருக்கைச் சீட்டு தனியாக எடுத்தார்கள். சன்னலோரம் வேண்டாம், கழிவறைப் பக்கம் வேண்டும், கதவுக்குக் கிட்டே வேண்டும், பெட்டி கண்ணில் படுகிற இடமாக வேண்டும் என்று வ்லாஸ்தா பேரம் பேசியதில் வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட ஆரம்பித்தார்கள். பிரஸ்ஸல்ஸிலிருந்து லண்டனுக்குக் கடலுக்கு அடியில் போகும் ரயிலுக்கு மட்டும் ஜோவனா அங்கிருந்தே டிக்கெட் எடுத்து அனுப்பினாள். அதை வ்லாஸ்தா நூலகத்துக்குக் கொண்டுபோய், போனில் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்று மூன்று படி அச்செடுத்து வந்தாள். ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில், இன்னொன்று மிலாடாவின் கோட்டுப் பையில்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டி கட்டுகிற வேலை ஆரம்பித்தது. கனம் தூக்கக் கூடாதல்லவா? சக்கரம் வைத்த சின்னப் பெட்டியில் இரண்டு சட்டை, ஒரு கம்பளி, உள்ளாடைகள், அக்காவுக்கு இஞ்சி ரொட்டி ஒரு பொட்டலம். பார்துபிட்சேயிலிருந்து போகிறவர்கள் அது இல்லாமல் போனால் ஊர் காறித் துப்பும். சொட்டு மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க ஒரு சின்னப் பை. ஜெர்மனியில் ரயிலடிக் கழிவறைக்குச் சில்லறை போட்டால்தான் கதவு திறக்கும் என்பதால் யூரோக் காசு கொஞ்சம், ஒரு பழைய மாத்திரை டப்பாவில்.

அதற்கப்புறம் பொரிகறி. ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சியை ரொட்டிக்கு நடுவில் வைத்துக் காகிதத்தில் சுற்றாமல் எங்கள் ஊர்க்காரர் எவரும் எல்லை தாண்டுவதில்லை. இத்தாலிக்காரன் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறான், குரோஷியாக்காரன் எங்களைப் பொரிகறிக்காரர்கள் என்றே கூப்பிடுகிறான். சிரித்தால் சிரிக்கட்டும். மிலாடா ஒரு கூடை பொரித்தாள். அலேனாவுக்குச் சின்ன வயசிலிருந்து அதில் உயிர்.

இங்கேதான் வ்லாஸ்தாவுக்குச் சந்தேகம் வந்தது. "ஏன்டி, இங்கிலீஷ்காரங்க ஒன்றியத்தை விட்டுப் போயிட்டாங்களே. கறியை உள்ள விடுவாங்களா?"

இருவரும் அடுப்பின் முன்னால் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய கேள்விதான். வ்லாஸ்தா கசாப்புக் கடைக்காரரிடம் ஓடினாள். அவருடைய மருமகன் லாரி ஓட்டுகிறவன். அவனுக்குப் போன் போட்டுக் கேட்டதில், வெந்த கறி, சொந்தச் சாப்பாட்டுக்கு என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று பதில் வந்தது. அப்பாடா என்று இருவரும் உட்கார்ந்து ஆளுக்கொரு பொரிகறி தின்றார்கள்.

பாவிகள்! கறிக்கு எல்லை உண்டு என்று தோன்றிய அந்த இரண்டு தலைகளுக்கும் மனுஷிக்கு எல்லை உண்டு என்று தோன்றவில்லை. பூகோளம் படித்தவள் வேறு. ஆனால் அவளை மட்டும் எப்படிக் குறை சொல்வது? இந்த ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அட்டையே போதும் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வ்லாஸ்தா கடைசியாக ஒரு தடவை சரிபார்த்தாள். "டிக்கெட்டு?"

"இருக்கு."

"சொட்டு மருந்து?"

"இருக்குடி."

"அட்டை?"

மிலாடா கழுத்தில் கோத்துச் சட்டைக்குள் விட்டிருந்த சின்னப் பையை வெளியே எடுத்துக் காட்டினாள். "இது இல்லாம போவேனா? போன தடவை இங்கிலாந்துக்கே இதைக் காட்டித்தானே போனேன். அந்த ஆளு ஒரு பார்வை பார்த்தான், போன்னு கையை ஆட்டினான். அந்தக் காலத்துல கெஞ்சின கெஞ்சலுக்கு அது ஒண்ணே போதும்டி எனக்கு."

"நீ அக்காகிட்ட என்ன சொல்லப் போற?"

"பிள்ளைங்களுக்குச் சமைச்சுப் போட்டது எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சுன்னு சொல்லப் போறேன். அது பொய்யும் இல்ல. முதல்ல அழுதேன். அப்புறம் பிடிச்சுப்போச்சு. அதை அவகிட்ட நான் சொன்னதே இல்ல."

வ்லாஸ்தா மூக்கைச் சிந்தினாள். "உன் சதகுப்பைக் குழம்பு பிள்ளைங்களுக்குப் பிடிக்கலைங்குறதையும் சேர்த்துச் சொல்லு" என்றாள்.

வியாழக்கிழமை விடியலில் வ்லாஸ்தா அவளை ரயிலேற்றி விட்டாள். போகிற வழியெல்லாம் ஒன்றும் கெடுதல் நடக்கவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், டிரெஸ்டனில் ரயில் நேரத்துக்கு வந்தது. பிராங்க்பர்ட்டில் பிளாட்பாரம் மாறியபோது ஒரு துருக்கிக்கார இளைஞன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான். குமிழி இருந்த கண்ணில் எல்லாம் தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி ஆடியதால், அதை மூடிக்கொண்டு இடது கண்ணால் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டினாள். கொலோனில் ரயிலடிக்கு எதிரில் இருந்த விடுதியில் படுத்து எழுந்தாள். ஜோவனாவிடமிருந்து ஒவ்வொரு ஊருக்கும் ஒரு செய்தி வந்துகொண்டிருந்தது. 'அம்மா தூங்குறாங்க.' 'அம்மா கேட்டாங்க, ஜெர்மனி வந்துட்டீங்கன்னு சொன்னேன்.' 'அம்மா சிரிச்சாங்க.'

சிரித்தாள் என்று படித்தபோது மிலாடா அந்த ரயில்பெட்டியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எதிரில் இருந்த அம்மாள் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். கண்ணுக்கு ஆகாது என்று துடைத்துக்கொண்டு சொட்டு மருந்தை விட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரஸ்ஸல்ஸ். லண்டன் ரயிலுக்குத் தனி வாசல், தனிக் கூடம். பெட்டியையும் கூடையையும் எக்ஸ்ரே பெல்ட்டில் வைத்தாள். பொரிகறியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தாயா வ்லாஸ்தா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பெல்ஜியக்காரன் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு மாதிரி தலையைச் சாய்த்து, ஏதோ சொல்லி, அடுத்த ஜன்னலைக் கை காட்டினான். அங்கே இங்கிலாந்துக்காரி உட்கார்ந்திருந்தாள். வயது முப்பது இருக்கும், சாந்தமான முகம்.

அட்டையை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். "பாஸ்போர்ட்?" என்றாள்.

அந்தச் சொல் எந்தப் பாஷையிலும் ஒன்றுதான். மிலாடா அட்டையைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பெண் தலையை ஆட்டினாள். மறுபடியும் "பாஸ்போர்ட்" என்றாள். மிலாடாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகள் எல்லாம் எங்கோ பறந்துவிட்டன. போனை எடுத்து ஜோவனாவைக் கூப்பிட்டு, அப்படியே ஜன்னலுக்குள் நீட்டினாள்.

அவர்கள் இருவரும் பேசினார்கள். மிலாடா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஆட்கள் பக்கத்து வரிசைக்கு நகர்ந்துபோனார்கள். கடைசியில் போன் திரும்பி வந்தது.

"சித்தி," ஜோவனாவின் குரல் உடைந்திருந்தது. "போன வருஷம் சட்டம் மாத்திட்டாங்களாம். அட்டையை இப்ப ஏத்துக்க மாட்டாங்களாம். பாஸ்போர்ட் மட்டும்தானாம்."

"நான் அட்டையிலதானே வந்தேன் போன தடவை?"

"அப்ப அது செல்லுபடியாகும் சித்தி. இப்ப இல்ல. நான் கேட்டிருக்கணும். இங்க எல்லார்கிட்டயும் பாஸ்போர்ட்தான் இருக்கும், பாஸ்போர்ட் இல்லாம ஒருத்தர் இருப்பாங்கன்னே எனக்குத் தோணல. மன்னிச்சிடுங்க சித்தி."

"அவ சாகப்போறான்னு சொன்னியா இவங்ககிட்ட?"

"சொன்னேன். அவங்களால முடியாதாம். உங்க தூதரகத்துக்குப் போய் அவசரமா வாங்கச் சொல்றாங்க. இன்னிக்கு மூடிட்டாங்களாம். திங்கக்கிழமைதான் திறப்பாங்க."

மிலாடா ஜன்னலைப் பார்த்தாள். இந்தப் பெண், அந்தக் காலத்தில் மனுவைத் திருப்பித் தள்ளிய ஆளைப் போலத் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. நிமிர்ந்து, முகத்தைப் பார்த்து, "சாரி" என்றாள். அதை உண்மையாகத்தான் சொன்னாள். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் மிலாடா கோபப்பட்டாவது இருப்பாள். இதற்கு என்ன செய்வாள்? அந்த ஜன்னல் முன்னால் நின்று, "என்னை விடுங்க" என்றாள் தன் பாஷையிலேயே. யாரிடமும் இனிக் கேட்க மாட்டேன் என்றவள் கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு அது புரியவில்லை. புரிந்திருந்தாலும் விட்டிருக்க முடியாது.

ஒரு காவலாளி கூடையைத் தூக்கிக்கொண்டு, அவளை மரியாதையாகக் கைத்தாங்கலாகக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கொண்டுவந்து ஒரு பெஞ்சில் உட்கார வைத்தான். உள்ளே லண்டன் ரயிலுக்கு ஆட்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள். நாய்க்குட்டி படம் போட்ட பையை இழுத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் கூடம் காலியாயிற்று. பலகையிலிருந்து அந்த ரயிலின் பெயரும் போய்விட்டது.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ, போன் அடித்தது.

"சித்தி, எங்க இருக்கீங்க?"

"அங்கேயேதான்."

"அம்மா முழிச்சிருக்காங்க. மூச்சு ஒரு மாதிரி வருது. திங்கக்கிழமை வரைக்கும்னு நர்ஸ் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா." ஜோவனா அழுகையை விழுங்கினாள். "நீங்க வரலைன்னு நான் இன்னும் சொல்லல. எனக்குச் சொல்லத் தெரியல. போனைக் காதுல வைக்கவா?"

மிலாடா எழுந்து நின்றாள். உட்கார்ந்துகொண்டு பேசத் தோன்றவில்லை. "வை" என்றாள்.

முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, சருகு நகர்கிற மாதிரி ஒரு குரல். "மிலாடா? எங்கடி இருக்க?"

வருஷக்கணக்காகக் கேட்காத குரல். பிரஸ்ஸல்ஸ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ரயில்ல இருக்கேன் அக்கா" என்றாள்.

"எந்த ரயில்ல?"

"உன் ஊருக்கு வர்ற ரயில்லதான். கடலுக்கு அடியில போகுதுல்ல, அது."

அலேனா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். அவள் எந்தக் காலத்தில் இருந்தாளோ, யாருக்குத் தெரியும்? "உன்னை விட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். குரலில் அவ்வளவு பயம்.

மிலாடா கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். அந்தப் பக்கம் அடுத்த ரயிலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள்.

"விட்டுட்டாங்க அக்கா."

"என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

"கேக்கல. உன் பேரையே யாரும் எடுக்கல."

"நிஜமா?"

"சத்தியமா. அட்டையைப் பார்த்தாங்க, போன்னு கையை ஆட்டினாங்க."

"அப்ப என்னால உனக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் அலேனா. அது கேள்வியா, நிம்மதியா என்று மிலாடாவுக்குத் தெரியவில்லை.

"உன்னால எனக்கு என்னிக்குமே ஒண்ணும் ஆனதில்ல அக்கா. நான் அன்னிக்கு ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். எனக்கு அந்தச் சமையல் வேலை பிடிச்சுத்தான் இருந்துச்சு. கேக்குதா?"

கேட்டதோ இல்லையோ, அலேனாவின் நினைப்பு ரயில் மேலேயே இருந்தது. "நீ புது ஊர்ல தொலைஞ்சுபோவ. நான் வந்து ஸ்டேஷன்ல நிக்கிறேன்" என்றாள்.

"வேண்டாம் அக்கா. குளிரும். நீ படுத்துக்கோ, நானே வந்துடுறேன்."

"வந்து நிக்கிறேன்டி."

மிலாடாவால் இன்னொரு தடவை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. "சரி அக்கா, வந்து நில்லு" என்றாள்.

அலேனா மறுநாள் சனிக்கிழமை காலையில் இறந்துபோனாள். ஜோவனா போன் செய்தபோது மிலாடா, திங்கட்கிழமை திறக்கப்போகிற தூதரகத்துக்கு வழி விசாரித்துக்கொண்டு பிரஸ்ஸல்ஸ் தெருவில் நடந்துகொண்டிருந்தாள். கடைசி வரை வலி என்று அம்மா சொல்லவே இல்லை சித்தி, என்றாள் அந்தப் பெண். செருப்பு மட்டும்தான் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். தங்கை ரயிலில் வந்துகொண்டிருக்கிறாள், அழைத்து வரப் போக வேண்டும், செருப்பை மாட்டி விடுங்கள் என்று நர்ஸுகளிடம் ராத்திரி முழுக்கச் சொல்லியிருக்கிறாள் என்று, பாதி பாஷை தெரிந்த ஜோவனாவுக்கு விடியும்போதுதான் விளங்கியதாம். அந்தப் பாஷை தெரியாத நர்ஸுகள் அவளுக்குக் குளிர்கிறது என்று நினைத்து, காலில் இன்னொரு கம்பளியைப் போர்த்தினார்களாம்.